சிவப்பில் எழுதிய வரி

மார்ச் 3

அக்காவுக்கு,

என் எண்ணை நீ தடுத்துவிட்டாய். உன் மேலாளரும் எடுப்பதில்லை. நம் டிரம்ஸ்காரன் இடி மட்டும் எடுத்தான். "உன் பேரைச் சொன்னாலே அக்கா கையில கிடைக்கிறதைத் தூக்கி எறியுது. கொஞ்ச நாள் கண்ணுல படாம இரு" என்று சொல்லி வைத்துவிட்டான். அதனால்தான் காகிதம். கடிதத்தைத் தடுக்க இன்னும் பொத்தான் வரவில்லை.

இதை நீ மேலாளரிடம் காட்டுவாய் என்று தெரியும். அதனால் அவருக்கும் புரிகிற மாதிரி முதலிலிருந்து எழுதுகிறேன். மேடையில் உன் காலடியில் சாய்த்து வைத்திருக்கும் திரையில் வரிகளை நகர்த்துவது என் வேலை. பாட வேண்டியது வெள்ளை எழுத்தில் வரும். நான் உனக்குச் சொல்வது சிவப்பில் வரும். 'சிரி', 'இடப்பக்கம் திரும்பு', 'கிதார் முடியட்டும்'. வெள்ளை வாய்க்கு, சிவப்பு உனக்கு. இத்தனை வருடமும் இதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

அந்த அரங்கத்தில் அவர்கள் திரையையும் அவர்கள் கணினியையும்தான் வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். ஒத்திகையில் நீ முதல் பாட்டை மட்டும் பாடிவிட்டு, "தொண்டையைக் காப்பாத்தணும், போதும்" என்று போய்விட்டாய். முதல் பாட்டில் சிவப்பே கிடையாது. நிகழ்ச்சியில் இரண்டாம் பாட்டு ஓடும்போதுதான் கவனித்தேன். அவர்கள் கணினி எல்லா எழுத்தையும் வெள்ளையாக்கியிருந்தது. அதற்குள் நீ பாட ஆரம்பித்துவிட்டாய், கூட்டமும் எழுந்து ஆடுகிறது. என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். குறிப்பு வரும் இடத்திலெல்லாம் உன் கண்ணில் படுவதற்கு முன் சட்டென்று மேலே தள்ளிவிட்டேன். பாதி நிகழ்ச்சியை அப்படியே ஓட்டினேன்.

அம்மா பாட்டில் ஓரிடத்தில் கை தாமதித்துவிட்டது. 'விளக்கை அணைக்காமல் வைத்திருந்தாயே' என்ற வரிக்குக் கீழே 'அம்மாவை நினை, கண்ணைத் துடை' என்று வெள்ளையாக நின்றது. நீ அதைப் பாடிவிட்டாய்.

சும்மாவும் பாடவில்லை. ராகத்தோடு, கடைசியில் ஒரு நெளிவும் கொடுத்துப் பாடினாய். வயலின்காரர் அந்த நெளிவுக்குப் பதிலும் வாசித்தார்.

தப்பு என் பக்கம்தான். மன்னித்துவிடு. அம்மா தொலைக்காட்சியில் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. "புது வரி சேர்த்திருக்கீங்களாடா? நல்லா இருக்கு. என்னைத்தானே சொல்றா பெரியவ?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளால் இன்னும் காலை ஊன்ற முடியவில்லை. உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

தம்பி


மார்ச் 9

வரிக்காரனுக்கு,

குழுவில் உன்னை எல்லோரும் அப்படித்தானே கூப்பிடுவார்கள். நானும் இனி அப்படியே கூப்பிடுகிறேன்.

எத்தனை மேடை, எத்தனை பாட்டு. எல்லாம் போய் இப்போது என் பெயரைச் சொன்னால் அந்த ஒரு வரிதான். கடையில் பால் வாங்கப் போனேன். வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்துவிட்டு, விரலால் கண்ணோரத்தைத் துடைத்துக் காட்டிச் சிரித்தாள். அவள் அம்மா அவளை அடக்கவில்லை, அவளும் சேர்ந்து சிரித்தாள். பாலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். என் அழுகையை நம்பித் தங்கள் அம்மாவுக்கு ஃபோன் போட்டுப் பேசியவர்கள் இருக்கிறார்கள். இப்போது அவர்கள் எழுதுகிறார்கள், 'எங்களை ஏமாத்திட்டியே' என்று. உன் மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கை தாமதித்தது என்கிறாய். உன் கை எனக்குத் தெரியும். நான் மூச்சு இழுப்பதற்கு முன்னால் அடுத்த வரியைக் கொண்டுவந்து நிறுத்துகிற கை அது. மற்ற பாட்டிலெல்லாம் தள்ளத் தெரிந்தது, இந்தப் பாட்டில் மட்டும் தெரியவில்லையா? காதில் பூ சுற்றாதே. அந்தப் பாட்டை நீ எழுதினாய், மேடையில் உன் பெயரை நான் சொல்வதில்லை, அந்தப் புழுக்கம் உனக்கு ரொம்ப நாளாக உண்டு. உன் பெண்டாட்டி ஒருமுறை என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். அதைத் தீர்த்துக்கொண்டாய்.

இத்தோடு மேலாளர் எழுதிய அறிக்கை இருக்கிறது. 'பொறாமையின் காரணமாக, பாடகியை அவமானப்படுத்தும் நோக்கத்தில், நானே அந்த வரியைத் திரையில் புகுத்தினேன்.' கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பு. மூன்று அரங்கங்கள் பின்வாங்கிவிட்டன. மீதி இருப்பவையும் இதற்காகத்தான் காத்திருக்கின்றன.

கடிதமாகவே எழுது. ஃபோனில் வந்தால் அது வெளியே போய்விடும் என்கிறார் மேலாளர். என் தம்பியிடமே நான் இப்படிப் பயந்து பேச வேண்டியிருக்கிறது.

உன் அக்கா


மார்ச் 14

அக்கா,

கையெழுத்துப் போட மாட்டேன். காகிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அந்தச் சிவப்பு வரி எப்படி வந்தது என்று உனக்கு மறந்துவிட்டதா, இல்லை மேலாளர் மறக்கச் சொன்னாரா? அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்த புதிதில் நீ நிஜமாகவே அழுதாய். கண் மறைத்து அடுத்த வரி படிக்க முடியாமல் விட்டுவிடுவாய். கிதார்க்காரர் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சமாளிப்பார். "அழுதா கண்ணைத் துடைக்கணும்னு எனக்கு ஞாபகப்படுத்துடா" என்று நீதான் சொன்னாய். 'கண்ணைத் துடை' என்று போட்டேன். அப்புறம் ஒரு நாள், "அதுக்கு முன்னாடி அம்மாவை நினைன்னு சேர்த்துக்கோ" என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கண்ணீர் வருவது நின்றுவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ஓரத்தில் உட்கார்ந்து உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அது கூடவா தெரியாது?

கை ஏன் தாமதித்தது என்று கேட்டாய், சொல்கிறேன். நான் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒரு பாட்டை மட்டும் நான் கேட்பேன். அம்மா கூடத்து விளக்கைப் போட்டு வைத்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போவாளே, அந்த உருவம் வந்து நின்றது. ஒரு நொடி கை நின்றுவிட்டது. உனக்கும் அது வந்திருந்தால் வாய் நின்றிருக்கும். வேறு யார் பாடியிருந்தாலும் 'கண்ணைத் துடை' என்று பார்த்ததும் விழித்திருப்பார்கள். நீ பாடினாய். என்ன பாடுகிறோம் என்று உன் காதுக்கே போகவில்லை.

உன்னை மட்டும் சொல்லவில்லை. மேடையில் இப்போது ஆளுக்கொரு திரை. கீபோர்டு வாசிப்பவருக்கு ஒன்று, வயலின்காரருக்கு ஒன்று, பக்கம் தள்ளக் காலடியில் ஒரு மிதி. முன்பெல்லாம் நீ தோளைத் தூக்கினால் இடி குச்சியைத் தூக்குவான். இப்போது எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு அவரவர் வெளிச்சத்தைப் பார்க்கிறீர்கள், ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் மாதிரி. அந்த வெளிச்சத்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது, அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. நான் வேறு குழுக்களுக்கும் திரை பார்க்கிறேன். பாடுகிறவரைக் கவிழ்க்கிறவன் என்று நானே எழுதிக் கொடுத்தால், அதன் பிறகு யார் என்னை ஓரத்தில் உட்கார வைப்பார்கள்? உன் பெயர் உனக்குப் பெரிது. என் பெயர் சின்னது, ஆனால் எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் நீ அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். யார் சொன்னது என்று தெரியவில்லை.

தம்பி


மார்ச் 26

தம்பி,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்து ஒட்டிப் படித்தேன். திருப்தியா?

எனக்குக் கண்ணீர் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறாய். இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. இத்தனை நாள் தெரிந்து வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் சிவப்பில் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாயே, அதுதான் எரிகிறது. ஒரே பாட்டை ஊர் ஊராக, வாரத்துக்கு நாலு தடவை பாடிப் பார். உனக்கும் நின்றுவிடும்.

திரை ஏன் வந்தது என்று நீ எழுதவில்லை. மைதானத்தில் நடந்த அந்த நிகழ்ச்சி. இரண்டாம் சரணம், வாயைத் திறந்தேன், ஒன்றுமே இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. முன்வரிசையில் விசில் அடித்தார்கள். ஒருவன் கைக்குட்டையைத் தூக்கிப் போட்டான். நான் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினேன். குரல் போனால் தொண்டை மருத்துவரிடம் போகலாம். வார்த்தை போனால் யாரிடம் போவது? அன்றைக்கு வேனில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நான் இருக்கேன், நீ எதையும் ஞாபகம் வச்சுக்க வேணாம்" என்றாய். வைத்துக்கொள்ளவில்லை. உன்னை நம்பி ஒவ்வொன்றாக விட்டுவிட்டேன். இப்போது ஒரு பாட்டும் எனக்கு முழுசாகத் தெரியாது. குளிக்கும்போது பாடிப் பார்க்கிறேன், இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. என்னை இந்தக் கதிக்குக் கொண்டுவந்துவிட்டு இப்போது காதுக்குப் போகவில்லை என்கிறாய்.

இன்னும் இரண்டு அரங்கங்கள் போய்விட்டன. மேலாளர் வேறு ஒரு பாடகியோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று இடி சொன்னான். வீட்டில் திரைச்சீலையைத் திறப்பதில்லை. எனக்குப் பாட்டைத் தவிர வேறு ஒரு வேலையும் தெரியாது. கல்யாணம் ஒத்துவரவில்லை, பிள்ளை இல்லை. இதுவும் போனால் நான் யார் என்று நீயே சொல்லு.

உனக்கு மனைவி இருக்கிறாள், அம்மா உன்னோடு இருக்கிறாள். திரை வேலை போனால் கணினி வேலை ஏதாவது கிடைக்கும். எனக்காக இதைச் செய். அம்மாவிடம் நான் உண்மையைச் சொல்கிறேன். தம்பிமேல் தப்பில்லை, அந்த வரி நான் கேட்டுப் போட்டது என்று நேரில் வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். ஊர் என்ன நினைத்தால் என்ன? அவளுக்குத் தெரிந்தால் உனக்குப் போதும்தானே?

அறிக்கையை மறுபடி வைத்திருக்கிறேன். 'பொறாமை'யை எடுக்கச் சொன்னேன். காரணம் இல்லாமல் யாரும் நம்ப மாட்டார்கள் என்று மேலாளர் எடுக்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் மனைவி சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்த சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிட்டாள்.

ஒரே ஒரு நிபந்தனை. இதை வெளியே விடுவதற்கு முன்னால் வந்து அம்மாவிடம் சொல்லிவிடு. நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். சின்ன வயதிலிருந்தே நம் சண்டையில் நீ சொல்வதுதான் அவளுக்கு வேதவாக்கு. அதனால் உன் வாயால் வர வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை. முன்னறையில் உனக்காகக் கட்டிலை ஒழித்து வைத்திருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 19

அக்கா,

நீ வரவில்லை. அறிக்கை வெளியே வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரி ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் படித்துக் காட்டினாள். நான் அப்போது குளியலறைக் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தேன். முழுவதும் காதில் விழுந்தது. 'பொறாமையின் காரணமாக' என்ற இடத்தை அவள் இரண்டு தடவை படித்தாள். அம்மாதான் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னது.

நான் வெளியே வந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கூடப் பிறந்தவளைப் பார்த்து நாலு பேர் சிரிக்கிற மாதிரி பண்ணியிருக்கியே, நீயெல்லாம் மனுஷனா?" என்றாள். இல்லம்மா, அது அப்படியில்லை என்றேன். "உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? படத்துல இருக்கே" என்றாள். அதோடு சரி. என்னோடு பேச்சு நின்றுவிட்டது.

அவளைத் தூக்கி உட்கார வைப்பது, காலுக்குத் தைலம் தேய்ப்பது, கழிவறைக்குக் கொண்டுபோவது எல்லாம் இத்தனை நாள் நான்தான். இப்போது நான் பக்கத்தில் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். என் கையால் மாத்திரை வாங்குவதில்லை. தூக்கப் போனால் விறைத்துக்கொள்கிறாள். நேற்று தானே எழுந்திருக்கப் பார்த்து விழுந்துவிட்டாள். நல்லவேளை, எலும்பில் ஒன்றும் இல்லை. என் மனைவி ஒருத்தியாகத் தூக்க முடியாமல் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வந்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மாவைத் தூக்க எனக்கு அனுமதி இல்லை.

திரை வேலை எல்லாம் போய்விட்டது. அது எதிர்பார்த்ததுதான். பேருந்து நிலையத்தில் வண்டி நேரம் ஓடும் பலகைக்கு ஆள் கேட்டார்கள், சேர்ந்துவிட்டேன். அங்கே நான் என்ன போட்டாலும் யாரும் பாடுவதில்லை.

ஊர் என்னைத் துப்பட்டும், நான் கையெழுத்துப் போட்டவன்தான். ஆனால் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடு. நேரில் வர முடியாவிட்டால் ஃபோனில் சொல். உன் குரலைக் கேட்டால் போதும். இதை நான் கெஞ்சித்தான் கேட்கிறேன்.

தம்பி


மே 1

தம்பிக்கு,

நீ செய்த உதவியை உயிருள்ளவரை மறக்க மாட்டேன். போன அரங்கங்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன, புதிதாகவும் வருகின்றன. அம்மா பாட்டுக்கு நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கூட்டம் அழ ஆரம்பித்துவிடுகிறது. 'கூடப் பிறந்தவனே முதுகில் குத்தியும் தாங்கிக்கொண்டு பாடுகிறாள்' என்று எழுதுகிறார்கள். இது எனக்குப் பிடித்திருக்கிறது என்று நினைக்காதே. படிக்கும்போது உடம்பு கூசுகிறது.

அம்மா விஷயம். ஃபோனை எடுத்துவிட்டேன், நம்பரும் போட்டுவிட்டேன். மேலாளர்தான் தடுத்தார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அம்மா வாயில் எதுவாவது நிற்குமா? உன்மேல் தப்பில்லை என்று தெரிந்தால், பார்க்க வருகிற ஒவ்வொருத்தரிடமும் அதைத்தான் சொல்வாள். பக்கத்து வீட்டுக்காரி கையில் ஃபோன் இருக்கிறது. அப்புறம் நான் பொய் சொல்லி உன்னைக் காட்டிக் கொடுத்தவள் ஆவேன். இந்த முறை எழுந்திருக்க முடியாது. சுற்றுப்பயணம் முடியட்டும். முடிந்ததும் முதல் வேலையாக வருகிறேன். அம்மா எங்கே போய்விடப் போகிறாள்? கோபமெல்லாம் நாலு நாள். பெற்றவள்தானே, தானாகச் சரியாகிவிடுவாள்.

ஒரு அவசரம். புதிதாகத் திரை பார்க்க வந்த பையனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அம்மா பாட்டின் வரிகளை யாரோ இணையத்தில் போட்டதிலிருந்து எடுத்து வைத்திருக்கிறான். மூன்றாம் சரணம் தப்பாக இருக்கிறது என்று இடி சொல்கிறான். எது சரி என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. உன்னிடம் இருப்பதை அனுப்பிவை. சிவப்பையும் எடுத்துவிடாமல் அப்படியே அனுப்பு. அந்த இடத்தில் நான் கண்ணைத் துடைக்கிறேனா என்று இப்போது எல்லோரும் பார்க்கிறார்கள்.

உன் எண்ணைத் திறந்துவிட்டிருக்கிறேன். ஆனால் கூப்பிடாதே, வரிகளை மட்டும் அனுப்பு.

அக்கா


மே 8

அக்கா,

வரிகளை நேற்றே அனுப்பிவிட்டேன். மூன்றாம் சரணம் சரியாக இருக்கிறது. சிவப்பும் இருக்கிறது. எல்லாத் திரையிலும் நிறம் தெரிகிறதா என்று பையனை ஒத்திகையில் கடைசிப் பாட்டுவரை ஓட்டிப் பார்க்கச் சொல்.

உன் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். உன் கையெழுத்தைப் பார்த்தால் நம்புவாள் அல்லவா? கட்டில் பக்கத்தில் நின்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 'அம்மா எங்கே போய்விடப் போகிறாள்' என்ற இடம் கண்ணில் பட்டது. அதை அவளுக்கு எப்படிப் படிப்பது? என்மேல் கோபத்தோடு இருக்கிற வரைக்கும் அவளுக்கு ஒரு பிள்ளைதான் கெட்டவன். இதைப் படித்தால் அவளுக்கு யாருமே இல்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அவள் உறையைப் பார்த்துவிட்டாள். "பெரியவ எழுத்தா?" என்று கேட்டாள். இத்தனை நாளில் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. ஆமாம் என்றேன்.

"என்ன வேணுமாம்?"

"பாட்டு வேணுமாம்மா."

"கொடுத்தியா?"

கொடுத்தேன் என்றேன். இந்தத் தடவையாவது ஒழுங்காகக் கொடுத்தாயா என்று கேட்டுவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இனிமேல் எனக்கு எழுதாதே.